திங்கட்கிழமை மட்டும் வரும் மகன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். இந்தத் தடவை என்ன வருகிறதோ அப்படியே அனுப்பிவிடுகிறேன்.

நாங்கள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்ற ஊரில் இருக்கிறோம். வந்து 17 வருடம் ஆகிறது. கணவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை பார்க்கிறேன். ஒரே மகன், இருபது வயது. அவன் மோர்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மிஷனரியாகப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

எங்கள் ஊரில் மோர்மன்கள் அதிகம். உயர்நிலைப் பள்ளியை ஒட்டியே அவர்களுடைய வேதப் பாடக் கட்டடம் இருக்கும். பிள்ளைகள் ஒரு பீரியட் அங்கே போய்விட்டு வருவார்கள். சிகரெட் கிடையாது, குடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பிள்ளைகள். இவன் அவர்களோடு சேர்ந்தபோது நாங்களே சந்தோஷப்பட்டோம். (நான்தான் சந்தோஷப்பட்டேன் என்று இப்போது என் கணவர் சொல்கிறார். அவரும்தான்.) பதினெட்டு முடிந்த மறு மாதம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். புதிதாகச் சேர்ந்தவர்கள் மிஷனுக்குப் போக ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டுமாம். காத்திருந்தான். செலவுக்கு மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 24 மாதத்துக்கு 12,000 டாலர். அதை எங்களிடம் கேட்கவில்லை. மளிகைக் கடையில் வண்டி தள்ளிச் சேர்த்தான். கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருப்போம். காலேஜ் சீட்டைத் தள்ளிவைத்துவிட்டு, யூட்டாவில் புரோவோ என்ற ஊரில் சில வாரம் பயிற்சி, அங்கிருந்து நெப்ராஸ்கா.

இப்போது இருப்பது சோளக்காடும் காற்றும் மட்டுமே உள்ள ஒரு சிற்றூர். ஒரே ஒரு சிக்னல், தானியம் கொட்டி வைக்கும் உயரமான வெள்ளைக் கோபுரம், காசு போட்டுத் துவைக்கும் ஒரு லாண்டரி. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முப்பது பேர் வந்தால் பெரிய கூட்டமாம். நாலு மாதமாக அங்கேதான் இருக்கிறான்.

அவனுடைய வாரம் எனக்கு மனப்பாடம். காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி, வேதம் படிப்பு. அப்புறம் வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது. பாதி வீட்டில் கதவு திறக்காது, மீதி வீட்டில் திறந்து மூடும். வாரத்தில் ஒரு நாள் சுற்றுவட்டார மிஷனரிகள் எல்லாம் கூடுவார்கள். இன்னொரு நாள் உட்கார்ந்து அடுத்த வாரத்தை மணிக்கணக்காகத் திட்டம் போடுவார்கள். யாருக்காவது விறகு அடுக்குவது, பனி வாருவது, மாட்டுக்கொட்டகை கழுவுவது. இங்கே சாப்பிட்ட தட்டை எடுத்ததில்லை. இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். சினிமா, பெண் சிநேகம் எதுவும் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி. நான் சஷ்டிக்குச் சாப்பிடாமல் இருந்தால் 'எதுக்கும்மா' என்று கேட்ட பிள்ளை! திங்கட்கிழமை மாலை வரை ஓய்வு. துணி துவைத்து, சாமான் வாங்கி, முடி வெட்டிக்கொண்டு எனக்கு வீடியோவில் வருவான். 2019க்கு முன்னால் வருடத்துக்கு இரண்டு தடவைதான் பேசலாமாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 'நீ லக்கிம்மா' என்கிறான்.

மாலை நாலரைக்கு நானும் அவனும் சேர்ந்து டிகாஷன் காபி குடிப்போம். பத்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். இப்போது காபியும் தொடமாட்டான், டீயும் தொடமாட்டான். அவர்கள் மதத்தில் கூடாதாம்.

அப்புறம் அந்த பேட்ஜ். கறுப்பாக, நெஞ்சில். 'எல்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயர்தான் இருக்கிறது. எல்டர் என்றால் மூத்தவராம். தாடி கூட ஒழுங்காக முளைக்காதவன் மூத்தவர்! நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயரை இரண்டு வருடம் ஒருவரும் கூப்பிடப்போவதில்லை.

போனில் கூட எனக்குத் தனியாகக் கிடைக்கமாட்டான். எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. இப்போதைய ஜோடி ஐடஹோ பக்கத்துப் பையன். நான் அழுதாலும் பின்னால் உட்கார்ந்து சீரியல் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தப் பையன் குளிக்கப் போயிருந்தான், அதிசயமாக ஐந்து நிமிடம் கிடைத்தது. அதிலும் இவன் உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. 'அம்மா, நான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்னா என் ரூம் இருக்கும்ல?' என்றான். 'போறப்ப யாரைக் கேட்டுட்டுப் போனே?' என்றேன். சிரித்தான். பிளாட் ஆற்றில் லட்சக்கணக்கில் கொக்கு வந்து இறங்கியிருக்கிறது, படம் அனுப்புகிறேன் என்றான். (அந்த அறையில் இப்போது என் கணவரின் மேசையும் இரண்டு மானிட்டரும் இருக்கின்றன. கட்டிலைக் கழற்றி கராஜில் சாய்த்து வைத்திருக்கிறோம்.) அதற்குள் அந்தப் பையன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டான். 1847இல் அவர்களுடைய முன்னோடிகள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு யூட்டாவுக்குப் போனது இந்த ஆற்றங்கரை வழியாகத்தான் என்று இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். காவிரிக் கரையைப் பற்றி உனக்கு இவ்வளவு தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அங்கே சபையில் ஓர் அம்மாள் வியாழக்கிழமைதோறும் இவர்களுக்குச் சாப்பாடு போடுகிறாள். உருளைக்கிழங்கைத் துருவி, சீஸும் கார்ன்ஃபிளேக்ஸும் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று. இவன் அதன் முன்னால் சிரிக்கிற படத்தை எனக்கு அனுப்பி, 'உங்கள் மகனுக்கு அரிசி எப்படிச் சமைத்தால் பிடிக்கும்?' என்று கேட்டிருந்தாள். நான் பதில் போடவில்லை.

என் கணவர் அவனோடு பேசுவதில்லை. திங்கட்கிழமை அழைப்பு வந்தால் சமையலறையில் போய் நின்றுகொள்வார். முதல் இரண்டு மாதம் இவ்வளவு மோசமில்லை. அப்புறம் ஒரு நாள் 'வம்ச விருட்சம் எழுத வேண்டும், தாத்தாவின் பிறந்த தேதி வேண்டும்' என்று கேட்டான். இறந்துபோன முன்னோர் பெயரில் இவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் எடுப்பார்கள் என்று என் கணவர் எங்கோ படித்திருக்கிறார். அன்றைக்கு வீடு இரண்டுபட்டது. கும்பகோணத்தில் இருக்கும் என் மாமியாரிடம் 'நெப்ராஸ்காவில் இன்டர்ன்ஷிப்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் ஒவ்வொரு முறையும் 'சம்பளம் எவ்வளவு தர்றாங்க?' என்று கேட்கிறார்.

மாதம் 500 டாலர் கொடுத்துப் பனி வாருகிறான் என்று எப்படிச் சொல்வது? காபி கூடக் குடிக்க மாட்டான் என்று எப்படிச் சொல்வது?

இவனை எப்படி மீட்பது? முடித்துவிட்டு வந்தால் அவனோடு எப்படிப் பழகுவது? என் கணவரைப் பேச வைப்பது எப்படி? மாமியாரிடம் உண்மையைச் சொல்லலாமா? அந்த அம்மாளுக்குப் பதில் போட வேண்டுமா?

— பெயர் வேண்டாம், ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரி,

ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஆறாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டது உங்கள் மகன்.

'என் ரூம் இருக்கும்ல?'

இதற்கு இருக்கு, இல்லை என்று இரண்டு பதில்தான் உண்டு. நீங்கள் இரண்டையும் சொல்லாமல் 'யாரைக் கேட்டுட்டுப் போனே' என்றீர்கள். அவன் சிரித்துக் கொக்குக்குப் போய்விட்டான். 'உருப்படியாக ஒன்றும் பேசவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு மாதத்தில் அவன் உங்களிடம் பேசிய வாக்கியங்களில் கனமானது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஜோடி குளிக்கப் போகும்வரை காத்திருந்து கேட்டிருக்கிறான். உங்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் கழற்றிய கட்டிலைப் பற்றி, அதுவும் அடைப்புக்குறிக்குள், எனக்கு எதற்கு எழுதப்போகிறீர்கள்?

அவன் எதை நினைத்துக் கேட்டான் என்று எனக்குத் தெரியாது. வெறும் களைப்பாக இருக்கலாம். சிற்றூரில் நாலு மாதம் என்றால் தட்டாத கதவு மிச்சமிருக்காது, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருப்பான். நெப்ராஸ்காவின் ஜனவரி அரிசோனாவில் வளர்ந்த பிள்ளைக்குச் சாதாரண விஷயமில்லை. ஜோடியோடு மனத்தாங்கலாக இருக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றம் வரும் என்று நம்பி, அதுவும் இவனுக்கு வராமல் போயிருக்கலாம். நம்பிக்கையிலேயே ஒரு சந்தேகம் முளைத்திருக்கலாம். மனச்சோர்வாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், அன்றைக்கு வீட்டு ஞாபகம் வந்து கேட்டிருக்கலாம். எதுவானாலும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்.

அவன் நிற்கிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். உலகம் முழுக்க 70,000க்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் சமூகத்தில் இரண்டு வருடத்தை முழுசாக முடிப்பது ஒரு பெருமை. பாதியில் திரும்பி வருபவரை அன்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சபையில் சொன்னாலும், 'என்ன ஆச்சு?' என்று பார்க்கிற கண்கள் இருக்கும். சரி, அங்கே தலைகுனிவு என்றால் பெற்றவர்கள் வீட்டுக்கு வரலாம். ஆனால் இந்த வீட்டில் அவன் பாதியில் வந்தால் அது உங்கள் வெற்றி. 'நாங்க அப்பவே சொன்னோமே' என்று உங்கள் கணவர் வாயால் சொல்லாவிட்டாலும் அவர் முகம் சொல்லும். உறவுக்காரர்களிடம் இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது என்பீர்கள். ஆக, அங்கே தோற்றவன், இங்கே தப்புச் செய்தவன். இருபது வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் காலை வைப்பான், சொல்லுங்கள்?

அதனால்தான் 'மீட்பது' என்ற உங்கள் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. வயது வந்தவன். யாரிடமும் பணம் கேட்கவில்லை, திருட்டுத்தனமாகப் போகவில்லை, ஒரு வருடம் காத்திருந்து சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் தேர்ந்தெடுத்தது உங்களுக்கு வலிக்கிறது. அந்த வலி நியாயமானது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவனை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி நீங்கள் பேசும்வரை, அவனே திரும்பி வர நினைத்தாலும் 'மீட்கப்பட்டவன்' என்ற பெயரோடுதான் வர வேண்டும். எந்த மானமுள்ள பிள்ளையும் அப்படி வரமாட்டான். நீங்கள் வளர்த்த பிள்ளைக்கு மானம் நிறையவே இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் படித்ததும் 'அப்போ அவனுக்கு வர ஆசைதான்' என்று ஒரு குதூகலம் வந்தால் அதை அடக்கிக்கொள்ளுங்கள். போனில் 'வந்துடுப்பா, எப்ப வர்றே?' என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அத்தோடு சரி, அடுத்த பத்து மாதமும் கொக்கைப் பற்றி மட்டும்தான் பேசுவான்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'அன்னைக்கு ரூம் இருக்குமான்னு கேட்டியே, இருக்கு. சீக்கிரம் வந்தாலும் சரி, முடிச்சுட்டு வந்தாலும் சரி.' ஐடஹோ பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, தமிழில்தானே சொல்லப்போகிறீர்கள். சொல்லிவிட்டு, ஏன் கேட்டாய் என்று குடையாதீர்கள். கொக்கைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். அவனாகச் சொல்லும் திங்கட்கிழமை வரும், வராமலும் போகும்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கட்டில் கராஜிலிருந்து உள்ளே வர வேண்டும். பொய்யாக 'இருக்கு' என்று சொல்லாதீர்கள். மானிட்டர்களுக்கு வேறு மூலை கிடைக்கும்.

தூக்கம், சாப்பாடு, பேச்சு இவற்றை மட்டும் கவனியுங்கள். மூன்று நாலு வாரம் தொடர்ந்து முகம் வாடியிருந்தால், தன்னையே வெறுத்துப் பேசினால், 'நான் இல்லாம இருந்தா' என்கிற மாதிரி ஒரு வார்த்தை ஒரே ஒரு தடவை வந்தால்கூட, காத்திருக்க வேண்டாம். 'செத்துப்போகணும்னு தோணுதா?' என்று அவனிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் புதிதாக எண்ணம் வந்துவிடாது. அவன் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு மிஷன் தலைவரும் அவர் மனைவியும் இருப்பார்கள். உடனே அவர்களைக் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கு அங்கே ஏற்பாடு உண்டு. உடம்போ மனமோ ஒத்துழைக்காதவர்கள் வீட்டிலிருந்தபடியே சேவை செய்து முடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அவர்களை எதிரியாக நினைத்துக்கொண்டு தொலைபேசி எண்ணைக் கூட வாங்காமல் இருந்தால், இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

இனி உங்கள் மற்ற வருத்தங்கள்.

பெயர் விஷயம். நீங்கள் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை என்கிறீர்கள். அதே வரியில் வேறொன்றையும் எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? அவன் நெஞ்சில் இருப்பது அவன் அப்பாவின் பெயர். ஒவ்வொரு கதவிலும் மணியடித்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். அந்த ஊர்க்காரர்கள் நாக்கைச் சுளுக்கிக்கொண்டு உங்கள் கணவர் பெயரைச் சொல்லப் பழகியிருப்பார்கள். தன்னோடு பேசாத அப்பாவைப் பதினான்கு மாதமாகச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறான் அந்தப் பிள்ளை. உங்கள் கணவரைப் பேச வைக்க என்னிடம் உபாயம் எதுவும் இல்லை. இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

தாத்தாவின் தேதி கேட்ட விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். அவர்கள் பார்வையில் அது இறந்தவருக்குச் செய்கிற அன்பு. மூன்று தலைமுறை முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நமக்கு அந்த அன்பு புரியாமல் போகாது. ஆனால் தன் அப்பாவின் பெயரில் என்ன சடங்கு நடக்கலாம், நடக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை மகனுக்கு, அதாவது உங்கள் கணவருக்கு உண்டு. அதை இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொல்லியிருக்கலாம்: 'என் அப்பாவுக்கு அது வேண்டாம். நீ மதிப்பாய் என்று நம்புகிறேன்.' இரண்டு வாக்கியத்துக்குப் பதில் ஒரு வருட மௌனம் கொடுத்திருக்கிறார்.

காபி. அவன் காபியை விட்டதைக் குறையாகச் சொல்கிறீர்கள். 'நாலரை மணிக்கு நீ இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருக்கிறது' என்று அவனிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா? அவன் காதில் விழுந்ததெல்லாம் காபி பற்றிய வாக்குவாதமாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை அம்மாளுக்குப் பதில் போடுங்கள். உங்கள் இடத்தைப் பிடிக்க வருபவள், உங்களிடமே அளவு கேட்கமாட்டாள். எந்த அரிசி, எத்தனை தண்ணீர், அவனுக்குக் குழைந்திருக்க வேண்டுமா உதிரியாக இருக்க வேண்டுமா, அதை எழுதினால் போதும்.

கும்பகோணத்து மாமியாரைப் பற்றி. உங்கள் மகனை அவர்கள் உங்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்பது உங்கள் மனக்குறை. நீங்கள் அவனைக் குடும்பத்திடமிருந்து மறைத்திருக்கிறீர்கள். 17 வருடத்துக்கு முன்னால் நீங்கள் கிளம்பி வந்தபோது, காலிங் கார்டில் ஞாயிற்றுக்கிழமை காலை வருகிற பத்து நிமிட போனுக்காக அந்த அம்மா உட்கார்ந்திருப்பார். அவர் மகன் அங்கே என்ன சாப்பிடுகிறான், எந்தக் கோயிலுக்குப் போகிறான், போகிறானா என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய்ச் சம்பளக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கோபப்படுவார். அழுவார். அப்புறம் 'சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?' என்று கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

முடித்துவிட்டு வந்தால் எப்படிப் பழகுவது என்பதற்கு இப்போது பதில் வேண்டாம். எப்படிப்பட்டவனாக வருவான் என்று அவனுக்கே தெரியாது.

கட்டில் போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்